செய்தியில் வராத போராட்டத்தைப் பதிவு செய்து, சரிபார்த்து, பரப்புவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2013இல் இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கத்தில் போராடிய மக்களைக் கண்ணீர்ப்புகை சூழ்ந்திருந்த ஓர் இரவில், துருக்கியின் செய்தி அலைவரிசை ஒன்றில் பென்குவின்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் பென்குவினே அந்தப் போராட்டத்தின் சின்னமாகிவிட்டது. வாயுக்கவசம் மாட்டிய பென்குவினைச் சுவரெல்லாம் வரைந்தார்கள். சதுக்கத்தில் நடந்தது வெளியே தெரிந்தது பெரும்பாலும் மக்களின் கைப்பேசிகள் வழியாகத்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். அதே நாள்களில், அந்நகரின் பொஸ்போரஸ் நீரிணைப் பாலத்தில் முன்பு நடந்த மாரத்தான் ஓட்டத்தின் படம் ஒன்று, ‘பாலத்தைக் கடந்து வரும் போராட்டக்காரர்கள்’ என்ற பெயரில் சுற்றியது. அப்படி ஒரு படம் போதும். எதிர்த்தரப்பு அதைக் காட்டியே மற்ற நூறு உண்மைப் படங்களையும் தள்ளிவிடும்.

“ஊடகங்கள் மறைக்கின்றன” என்று எழுத அரை நிமிடம் போதும். உங்களை நம்ப எந்தக் காரணமும் இல்லாத, தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தானே சரிபார்த்துக்கொள்ளும்படி ஒரு பதிவை உருவாக்குவதுதான் வேலை. கீழே உள்ள எல்லாமே அந்த ஆளை மனத்தில் வைத்து எழுதியவை.

தொடங்கும் முன்: உண்மையிலேயே யாரும் எழுதவில்லையா?

பத்து நிமிடம் தேடிப் பாருங்கள். தேசிய அலைவரிசைகளில் இல்லாதது உள்ளூர்ப் பதிப்பின் உள்பக்கத்தில் நான்கு பத்தியாக வந்திருக்கலாம். மாலைப் பத்திரிகையில் வந்திருக்கலாம். வெயிலில் நின்று செய்தி எடுத்துப் போன உள்ளூர் நிருபர் கண்ணில், “ஒரு ஊடகம்கூட எட்டிப் பார்க்கவில்லை” என்ற உங்கள் பதிவு பட்டால், உங்களுக்கிருந்த ஒரே நண்பரையும் இழப்பீர்கள்.

செய்தி வந்திருக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை என்றால் அதற்கு மருந்து வேறு. அந்தச் செய்தியின் இணைப்பையும் உங்கள் காணொலியையும் சேர்த்துப் பரப்புங்கள். அச்சில் வந்த ஒன்றைத் தொடர்ந்து எழுதுவது, புதிதாக ஒன்றைத் தொடுவதைவிட எந்தச் செய்தி அறைக்கும் எளிது.

ஆள் பிரிப்பு

கூட்டத்துக்குள் நிற்பவரே படம் எடுத்து, தலைப்பு எழுதி, பதிவும் போடுவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் படம் எடுக்கிறார். ஒருவர் அவர் அருகில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார். படம் எடுப்பவருக்குத் திரை மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. மூன்றாமவர் களத்துக்கு வெளியே, நல்ல இணையம் உள்ள இடத்தில் மடிக்கணினியோடு இருக்கிறார். வரும் கோப்புகளுக்குப் பெயரிடுவது, சரிபார்ப்பது, முகம் மறைப்பது, வெளியிடுவது எல்லாம் இவர் வேலை. இவரை இங்கே ‘மேசை ஆள்’ என்று வைத்துக்கொள்வோம். நான்காவதாக ஒருவர் கிடைத்தால் அவரை மாடியிலோ மேம்பாலத்திலோ நிறுத்துங்கள். மேலிருந்து எடுத்த ஒரு படம் இல்லாமல் கூட்டத்தின் அளவை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளியிடும் கணக்கு மேசை ஆளின் கையில் இருக்கட்டும். களத்தில் உள்ள கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்தே வைக்காதீர்கள். இரண்டாம் கட்டப் பாதுகாப்புக் குறியீடு குறுஞ்செய்தியாகக் களக் கைப்பேசிக்கு வரும்படி அமைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கைப்பேசி பறிபோனால் கணக்கும் சேர்ந்து போய்விடும். குறியீடு தரும் செயலி மேசை ஆளிடமும் நம்பகமான இன்னொருவரிடமும் இருப்பது நல்லது.

கைப்பேசியைத் தயார் செய்தல்

காணொலித் தரத்தை 1080பி, நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்று வையுங்கள். 4கே பார்க்க அழகாக இருக்கும். ஆனால் களத்துக்கு அது சுமை. 1080பியில் ஒரு நிமிடக் காணொலி, சுருக்கும் முறையைப் பொறுத்து, ஏறத்தாழ 60 முதல் 130 எம்பி வரை வரும். 4கேயில் அது 170 முதல் 350 எம்பி ஆகிவிடும். 130 எம்பி கோப்பை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற மூன்றரை நிமிடம் ஆகும். கூட்டத்துக்குள் அந்த 5 மெகாபிட் கிடைப்பதும் பெரிய பாடு. 20 ஜிபி இடம் காலியாக இருந்தால் 1080பியில் இரண்டரை மணி நேரமாவது எடுக்கலாம்.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தாலும் மின்னழுத்த மாற்றத்தில் போனது போகக் கைக்குக் கிடைப்பது 6,000 முதல் 6,500 வரைதான். 5,000 எம்ஏஎச் கைப்பேசிக்கு அது ஒன்றேகால் தடவை. நாள் முழுக்க நிற்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கைரேகை, முகம் பார்த்துத் திறக்கும் வசதிகளை அணைத்துவிட்டு, குறைந்தது 6 இலக்கக் கடவுஎண் போடுங்கள். விரலைப் பிடித்து அழுத்தித் திறந்துவிடலாம். மனத்தில் உள்ள எண்ணை அப்படி எடுக்க முடியாது. பூட்டிய திரையில் செய்திகள் தெரிவதையும் நிறுத்துங்கள். கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் முன்பின்னாக ஓடும் கைப்பேசியின் நேரக்குறியை வைத்துப் பின்னால் எதையும் நிறுவ முடியாது. பல கைப்பேசிகளில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். எடுக்கும்போது விமானப் பயன்முறைக்குப் போய்விடுங்கள். வழக்கறிஞரின் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள். சிரிப்பு வரலாம், ஆனால் பையில் கிடந்து விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான், மாலை வெயிலில் எடுத்த படங்களைப் பனிமூட்டமாக்கும் முதல் குற்றவாளி.

பொது இடத்தில் காவல்துறையைப் படம் எடுக்கப் பல நாடுகளில் தடையில்லை; சில நாடுகளில் உண்டு. ட்ரோனுக்குப் பெரும்பாலும் அனுமதி வேண்டும். இவற்றை முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தல்

பதிவைத் தொடங்கியதும் இடத்தைச் சொல்லும் ஒன்றைக் காட்டுங்கள்: தெருப் பெயர்ப்பலகை, மணிக்கூண்டு, கோபுரம், விளம்பரத் தட்டி, வினோத வடிவில் ஒரு கட்டடம். கேமராவை அசைக்காமல் பத்து நொடி பிடியுங்கள். கூடவே ஆண்டு, தேதி, நேரம், இடம் நான்கையும் அமைதியான குரலில் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். “அய்யோ, பாருங்க மக்களே” என்ற பின்னணிக் குரல் ஓடும் காணொலியை எந்தச் செய்தி அறையும் பயன்படுத்தாது. அந்தக் குரலுக்கு அடியில்தான் முழக்கமும் எச்சரிக்கை அறிவிப்பும் அமுங்கிப் போகின்றன.

அடுத்து மூன்று தூரங்கள். கூட்டம் முழுதும் தெரியும்படி ஒன்று, பத்துப் பதினைந்து பேர் தெரியும்படி ஒன்று, பதாகையின் எழுத்தோ கையோ தெரியும்படி ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நொடி அசையாமல். பக்கவாட்டில் திரும்ப வேண்டுமானால் மெதுவாக, ஒரே திசையில். சுழற்றிச் சுழற்றி எடுத்தது யாருக்கும் உதவாது.

மோதல், கைது போன்றவை நடக்கும்போது ஒரே விதிதான்: பதிவை நிறுத்தாதீர்கள். வெட்டித் துண்டான காணொலியை, “இதற்கு முன் நடந்ததை மறைத்துவிட்டார்கள்” என்ற ஒரு வரியில் மதிப்பிழக்கச் செய்துவிடலாம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் பிடியில் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிக்கை அதை ‘மருத்துவ நிகழ்வு’ என்றே குறிப்பிட்டது. அந்த அறிக்கையை உடைத்தது, 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர் கைப்பேசியில் ஏறத்தாழ பத்து நிமிடம் விடாமல் எடுத்த காணொலி. 2021இல் அவருக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு அளித்தது. அந்தக் காணொலியில் உத்தி என்று எதுவும் இல்லை. கேமரா திரும்பவில்லை, நிற்கவில்லை, அவ்வளவுதான்.

படத்தை நீக்கச் சொல்லி மிரட்டினால் உங்கள் உடல்தான் முதலில் முக்கியம். நீக்கிய கோப்பு பெரும்பாலான கைப்பேசிகளில் 30 நாள் வரை குப்பைக் கூடையில் இருக்கும். அங்கிருந்து விலகியதும் புதிதாக எதையும் பதிவு செய்யாமல் அதை மீட்டெடுங்கள்.

கூட்டத்தை எண்ணுதல்

இதில் சறுக்காதவர்கள் அரிது. “லட்சக்கணக்கில்” என்று எழுதினால், மறுநாள் காவல்துறை சொல்லும் “சில நூறு” என்ற எண்ணோடு சேர்த்து இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர், தன் சன்னலுக்குக் கீழே கூடிய மாணவர்களை எண்ணுவதற்காக உருவாக்கிய கணக்கு இன்றும் உதவுகிறது. பரப்பை அளந்து நெரிசலால் பெருக்க வேண்டும், அவ்வளவே.

ஒருவர் இன்னொருவர்மீது படாமல் நடந்து போகலாம் என்றால் சதுர மீட்டருக்கு 1 ஆள். தோள் உரச நின்றால் 2. மூச்சு முட்டும் நெரிசல் என்றால் 4. இதற்கு மேல் எழுதாதீர்கள். அகலம் 12 மீட்டர், நீளம் 300 மீட்டர் உள்ள தெரு 3,600 சதுர மீட்டர். மேடைக்கு அருகே மூன்றில் ஒரு பங்கு இடத்தில் சதுர மீட்டருக்கு 2 பேர், மீதி இடத்தில் 1 ஆள் என்றால் 2,400 கூட்டல் 2,400, மொத்தம் 4,800. ‘4,500 முதல் 5,000 வரை’ என்று எழுதுங்கள். தெருவின் நீள அகலத்தை இணைய வரைபடத்தின் அளவுகோலிலேயே எடுத்துக்கொள்ளலாம். வண்டி, மேடை, மரம் நிற்கும் இடங்களைக் கழித்துவிடுங்கள்.

நகரும் ஊர்வலத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. ஒரு விளக்குக் கம்பத்தைக் கோடாக வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் அதைக் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தலை, நடு, வால் என்று நான்கைந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரி 85, ஊர்வலம் கடக்க 40 நிமிடம் என்றால் 3,400 பேர். எப்படி எண்ணினீர்கள் என்பதையும் பதிவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எண்ணைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

மூலக் கோப்பைக் காப்பாற்றுதல்

கைப்பேசியில் முதலில் பதிவான கோப்பே மூலம். அதை வெட்டாதீர்கள், சுழற்றாதீர்கள், எழுத்துப் போடாதீர்கள். வேலை செய்வதெல்லாம் நகலில்.

களத்திலிருந்து மேசைக்கு அனுப்பும்போதுதான் பலர் மூலத்தைத் தொலைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாகவோ காணொலியாகவோ அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நேரம், கருவி, இடம் பற்றிய உள்தகவலும் போய்விடும். அதே கோப்பை ‘ஆவணம்’ என்ற வழியில் இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். மேகச் சேமிப்பில் ஏற்றி இணைப்பு அனுப்புவதும் சரியே. சிக்னல் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பென் டிரைவில் நகலெடுத்து ஆள் மூலம் அனுப்புங்கள். 1991 நவம்பரில் கிழக்குத் திமோரின் சாண்டா குரூஸ் கல்லறையில் ராணுவம் சுட்டபோது, படம் எடுத்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் மேக்ஸ் ஸ்டால் தன் ஒளிநாடாக்களை அங்கேயே புதைத்து வைத்து, பிறகு வந்து எடுத்துப் போனார். கருவிகள் மாறிவிட்டன, எடுத்தவர் கையிலேயே ஒற்றைப் பிரதி இருக்கக் கூடாது என்பது மாறவில்லை.

மேசையில் கோப்பு வந்ததும் பெயர் மாற்றுங்கள். ‘2025-03-14_1632_மணிக்கூண்டு_01’ என்பது போல ஆண்டு முதலில், நேரம் 24 மணிக் கணக்கில், பிறகு இடம், வரிசை எண். இப்படி வைத்தால் அடைவில் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஒரு கணக்குத்தாளில் கோப்புப் பெயர், எடுத்தவரின் குறிப்பெயர், என்ன தெரிகிறது, வெளியிடலாமா என்று நான்கு பத்தி போதும்.

முக்கியமான கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 ‘ஹேஷ்’ எடுத்து வையுங்கள். கோப்பை உள்ளிட்டால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு கோவை வரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கோவை முற்றிலும் மாறிவிடும். இந்தக் கோவையை அன்றே பொதுவெளியில் பதிந்து வைத்தால், ஆறு மாதம் கழித்து “இது திருத்திய காணொலி” என்று யாராவது சொல்லும்போது மூலத்தைக் காட்டி வாயடைக்கலாம். கார்டியன் ப்ராஜெக்ட் வெளியிட்ட ப்ரூஃப்மோட் செயலி இதைப் படம் எடுக்கும்போதே செய்துவிடும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரதிகள் மூன்று: ஒன்று மேசைக் கணினியில், ஒன்று மேகத்தில், ஒன்று வேறு வீட்டில் உள்ள வன்தட்டில்.

முகங்கள்

2009இல் ஈரானில் தேர்தலுக்குப் பின் எழுந்த போராட்டங்களின் படங்களை எடுத்து, முகங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, “இவர்களை அடையாளம் காட்டுங்கள்” என்று ஆட்சித் தரப்பு இணையதளம் ஒன்று வெளியிட்டது. அந்தப் படங்களில் பல, போராட்டத்தை ஆதரித்தவர்களே பெருமையோடு பரப்பியவை. எந்தப் படத்தை வெளியிடுமுன்னும் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி கொடுப்பவரிடம் கேமரா ஓடும்போதே கேளுங்கள்: “உங்கள் முகமும் பெயரும் வெளியே போகலாமா? வேலைக்குச் சிக்கல் வருமா?” தயங்கினால் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைகளை மட்டும் காட்டி, குரலை மாற்றி வெளியிடலாம். குழந்தைகள், காயம்பட்டவர்கள், கைதாகிறவர்கள் விஷயத்தில் கேட்க வழியில்லையென்றால் மறைத்துவிடுங்கள். கைதாகிறவர் தன் பெயரை உரக்கச் சொன்னால் மட்டும் விதிவிலக்கு. அவர் காணாமல் போகாமல் இருக்க அதுவே காப்பாக அமையலாம்.

மறைப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. லேசாக மங்கலாக்கியதும் சிறு சிறு கட்டங்களாகச் சிதறடித்ததும் சில சமயம் மீட்கக்கூடியவை. கருப்புப் பெட்டி போட்டு முழுதாக மூடுவதே பத்திரம். ஆனால் கைப்பேசியில் படம் திருத்தும் இடத்திலுள்ள கருப்புப் பேனாக்கள் சில பாதி ஒளி ஊடுருவுபவை. கண்ணுக்கு முழுக்கருப்பாகத் தெரிவது, வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளே முகத்தைக் காட்டிவிடும். பேனாவை விட்டுவிட்டு, நிரப்பிய செவ்வகத்தைப் பயன்படுத்துங்கள். சிக்னல் என்ற அரட்டைச் செயலியில் 2020 முதல் படங்களுக்கு முகம் மங்கலாக்கும் வசதி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் காணொலிக்கு உண்டு. இரண்டுமே சில சட்டகங்களில் முகத்தைத் தவறவிடும். எனவே வெளியிடுமுன் கால் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

முகத்தை மூடிவிட்டு அடையாள அட்டையை விட்டுவிடுவது வழக்கமான சறுக்கல். பச்சை குத்தல், வண்டி எண், எழுத்து போட்ட சட்டை, கடைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

பதிவு எழுதுதல்

கற்பனையாக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். பலரும் எழுதுவது இப்படி:

“அநியாயம்!!! ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவில். எந்த ஊடகமும் காட்டாது. பகிருங்கள், பகிருங்கள்!”

இதில் யார், எங்கே, எப்போது, எதற்கு என்ற நான்கில் ஒன்றும் தெளிவாக இல்லை. மாற்றி எழுதினால்:

“2025 மார்ச் 14, வெள்ளி, மாலை 4.30. மாநகராட்சி அலுவலக வாசல். மூன்று மாதச் சம்பள பாக்கி கேட்டு ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; இன்று நான்காம் நாள். எங்கள் எண்ணிக்கை 350 முதல் 400. ஆணையர் அலுவலகத்தில் 3 மணிக்கு விளக்கம் கேட்டோம். இதுவரை பதில் இல்லை. வெட்டாத காணொலி, 1 நிமிடம் 52 நொடி.”

கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு வரும். எதிர்த்தரப்பிடம் கேட்டதைச் சொல்லும் வரியைத் தவறவிடாதீர்கள். நிருபர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆண்டை எழுதுவது ஏன் என்றால், இந்தக் காணொலி மூன்று வருடம் கழித்து வேறு ஊர்ப் பெயரில் திரும்பி வரும். பதிவில் எழுதும் குறிப்பைவிட இது முக்கியம்: தேதியையும் இடத்தையும் காணொலியின் மூலையிலேயே சிறிய எழுத்தில் பதித்துவிடுங்கள். கைமாறிக் கைமாறிப் போகும்போது மேலே எழுதிய குறிப்பு உதிர்ந்துவிடும். படத்தோடு ஒட்டியது உதிராது. எழுத்தில்லாத நகல் ஒன்று செய்தி அறைகளுக்காகத் தனியே இருக்கட்டும்.

மற்றவர்கள் அனுப்பும் படங்களை வெளியிடுமுன் படத்தைக் கொடுத்தால் அது முன்பு எங்கே வந்தது என்று காட்டும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ தேடிப் பாருங்கள். காணொலி என்றால் மூன்று நான்கு சட்டகங்களைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தேடலாம். பிறகு அனுப்பியவரிடம் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையில் எடுத்தவரிடம் ஐந்தாறு இருக்கும். எங்கிருந்தோ வந்ததை அனுப்பியவரிடம் அந்த ஒன்றுதான் இருக்கும்.

எங்கே, எப்படிப் பரப்புவது

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசனில் போராட்டம் வெடித்தபோது ட்விட்டர் முழுக்க அந்தச் செய்தியாக இருந்தது. அதே நேரத்தில் ஃபேஸ்புக்கைத் திறந்தவர்கள் பலருக்குத் தலையில் பனிக்கட்டி நீர் ஊற்றிக்கொள்ளும் சவால் காணொலிகளே தெரிந்தன. இதைக் கவனித்து எழுதியவர் சமூகவியலாளர் ஜெய்னப் துஃபெக்சி. எந்தப் பதிவு மேலே வரும் என்பதைத் தளத்தின் நெறிநிரல் (அல்காரிதம்) முடிவு செய்கிறது. ‘விருப்பம்’ அழுத்தத் தயக்கம் தரும் செய்தி அங்கே மூழ்கிவிடும். ஒரே தளத்தை நம்பிப் போராட்டத்தை ஒப்படைத்துவிடாதீர்கள்.

எக்ஸ் தளத்தில் கட்டணம் செலுத்தாத கணக்குக்குக் காணொலி 2 நிமிடம் 20 நொடிதான். முழுக் காணொலியை யூடியூபில் ஏற்றி, 60 முதல் 90 நொடித் துண்டை எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, முழுமைக்கு இணைப்பு கொடுங்கள். ரீல்ஸுக்கு நெடுக்காகவும் யூடியூபுக்கு அகலமாகவும் வேண்டும். இரண்டு கைப்பேசி இருந்தால் ஆளுக்கொரு வாட்டத்தில் எடுக்கலாம். அகலமாக எடுத்ததை நெடுக்காக வெட்டினால் கூட்டத்தில் பாதி போய்விடும். பலர் ஒலியை அணைத்தே பார்ப்பதால் திரையில் வசன வரி கட்டாயம், முடிந்தால் இரண்டு மொழியில்.

ஹேஷ்டேக் ஒன்றே ஒன்று, முந்தைய நாளே முடிவு செய்தது. அதை வேறு யாராவது வேறு எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்று தேடிப் பாருங்கள். இடைவெளி, புள்ளி, நிறுத்தக்குறி வந்தால் அங்கேயே அறுந்துவிடும், அடிக்கோடு போடலாம். 2011இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தின் ஹேஷ்டேக் நியூயார்க்கின் ‘ட்ரெண்டிங்’ பட்டியலில் வராதபோது தணிக்கை என்று சந்தேகம் எழுந்தது. ட்விட்டரின் விளக்கம், பட்டியல் மொத்த எண்ணிக்கையை அல்ல, திடீர் உயர்வையே பார்க்கிறது என்பது. நாள் முழுக்கச் சீராகப் பத்தாயிரம் பதிவு வருவதைவிட, ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம் பாய்வது மேலே ஏறும். நேரம் குறித்து ஒன்றாக எழுதுங்கள். ஆனால் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஒட்டாதீர்கள், தளம் அதைக் குப்பைப் பதிவாகக் கணக்கிட்டு அமுக்கும். ஒவ்வொருவரும் தன் சொல்லில், வேறு படத்தோடு.

வாட்ஸ்அப்பில் முன்னனுப்பும் செய்தி ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மட்டுமே போகும். ‘பலமுறை முன்னனுப்பியது’ என்ற இரட்டை அம்பு விழுந்துவிட்டால் 2020 முதல் ஒரு தடவைக்கு ஒன்றுதான். காணொலியையே தள்ளிவிடுவதைவிட யூடியூப் இணைப்பைப் பலர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அனுப்புவது தூரம் போகும். பிழை இருந்தால் திருத்தவும் முடியும்.

நேரலையைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். முகம் மறைக்க முடியாது, எங்கே நிற்கிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கைப்பேசியிலிருந்து யூடியூப் நேரலைக்கு 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல் தடவை வசதியைத் திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். அன்று காலையில் நினைத்துக்கொண்டால் நடக்காது. நேரலை போகும்போது பக்கத்தில் இன்னொரு கைப்பேசி தனியே பதிவு செய்துகொண்டிருக்கட்டும். சிக்னல் விழுந்த அந்த நாற்பது நொடியில்தான் எல்லாம் நடந்திருக்கும்.

செய்தி அறையின் கதவைத் தட்டுதல்

தேசியத் தலைமையகத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. இதே துறையை (தொழிலாளர், சுற்றுச்சூழல், நிலம்) முன்பு எழுதிய நிருபர்களின் பெயரைச் செய்திகளிலிருந்து எடுங்கள். பத்துப் பேர் போதும். காலை ஆசிரியர் கூட்டத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு போய்ச் சேரட்டும்: கோரிக்கை என்ன, எத்தனையாம் நாள், எத்தனை பேர், என்ன ஆவணம் கையில் உள்ளது, பேசக்கூடிய இருவரின் எண் (அவர்கள் சம்மதத்தோடு), மூலக் காணொலிக்கு இணைப்பு. “ஏன் மறைக்கிறீர்கள்?” என்று தொடங்காதீர்கள்.

அவர்கள் கேட்கப் போவது மூன்று: எடுத்தது யார், எப்போது எங்கே, பயன்படுத்த அனுமதி உண்டா. பதிலை முன்பே எழுதி வையுங்கள். அனுமதியை ‘பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், உங்களுக்கு மட்டுமான உரிமை அல்ல’ என்று கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தால், அது ஒளிபரப்பாமல் அலமாரியில் வைத்தாலும் நீங்கள் கேட்க முடியாது.

இணையம் அறுந்தால்

2011 ஜனவரி இறுதியில் எகிப்து ஏறத்தாழ ஐந்து நாள் இணையத்தை நிறுத்தியது. அப்போது வெளிநாட்டு எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிக் குரல் பதிவு விட்டால் அது ட்விட்டரில் ஏறும்படி ஒரு வசதியை கூகுளும் ட்விட்டரும் சேர்ந்து செய்தன. இன்றும் அடிப்படை அதுதான். மேசை ஆளுக்கு மாற்றாக வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கூட்ட நெரிசலில் தரவு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி பல சமயம் போகும். ‘நேரம், இடம், என்ன, எத்தனை பேர்’ என்ற நான்கு சொல் வடிவத்தைப் பேசி வைத்துக்கொண்டால், அவர் அதை விரித்து எழுதிவிடுவார். படங்கள் பென் டிரைவில் பின்னால் வரட்டும்.

நீக்கம், பிழை, அதற்குப் பிறகு

2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டிகள் சிரியப் போரைப் பதிவு செய்த ஏராளமான காணொலிகளை வன்முறை என்று நீக்கின. உங்களுடையதற்கும் நேரலாம். தலைப்பிலும் விளக்கத்திலும் ‘இன்ன இடத்தில், இன்ன தேதியில் நடந்ததன் ஆவணப் பதிவு’ என்று தெளிவாக இருந்தால் மேல்முறையீட்டில் வாய்ப்பு கூடும். ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டும் பதிப்புரிமை என்று ஒலியை முடக்கிவிடும். 2021இல் பெவர்லி ஹில்ஸில் ஒரு காவல் அதிகாரி, தன்னைப் படம் எடுத்தவர் முன் கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டது இந்தக் காரணத்துக்காகவே என்று கருதப்பட்டது. பாட்டு ஓடும் பகுதியைத் தனித் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு போட்டவுடன் அந்தப் பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள். காணொலி அதில் தங்குமென்று சொல்ல முடியாது. எழுத்தும் தேதியும் பெரும்பாலும் தங்கும்.

தவறு செய்துவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அழித்ததன் திரைப்பிடிப்பு பத்து நிமிடத்தில் சுற்றத் தொடங்கும். “மாலை 5.10க்கு நாங்கள் வெளியிட்ட மூன்றாம் படம் இந்த இடத்தினுடையது அல்ல, நீக்கிவிட்டோம்” என்று அதே கணக்கில், அதே இழையில் (அந்தப் பதிவின் கீழேயே தொடரும் பதிவாக) எழுதுங்கள். உங்களை எடுத்து எழுதிய நிருபர்களுக்கும் தனியாகத் தெரிவியுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் மேசை ஆளுக்கு ஒரு வாரம் வேலை இருக்கிறது. கைதானவர்கள் வெளியே வந்தார்களா, பேச்சுவார்த்தை நடந்ததா, வழக்கு எந்தப் பிரிவில் என்பதை அதே இழையில் தினமும் ஒரு வரி எழுத வேண்டும். பெரிய செய்தி நிறுவனங்கள் பல சமயம் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் எட்டிப் பார்க்கும். அப்போது அவர்களுக்குத் தேவைப்படுவது முதல் நாளிலிருந்து தேதிவாரியாக அடுக்கிய அந்த இழையும், கணக்குத்தாளில் ‘வெளியிடலாம்’ என்று குறித்த கோப்புகளும்.